மயிலாப்பூரில் ஒரு முழுநாள்: நடை, சாப்பாடு, ஏழு மணி நாடகம்

முதலில் நாடகத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்தத் தெருவில் நடப்பது, எங்கே சாப்பிடுவது, எங்கே உட்கார்வது எல்லாம் அப்புறம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு மயிலாப்பூர் போகிறேன். ஐந்து வருடப் பழக்கம். அம்மாவுக்கு 78 வயது, இடது முழங்காலில் வலி. ஆரம்பத்தில் காலையில் கோயில், மதியம் ஹோட்டல், சாயங்காலம் நாடகம் நடத்தும் ஏதாவது ஒரு சபா என்று போகிற போக்கில் முடிவு செய்தோம். சாயங்காலம் ஆவதற்குள் அம்மா களைத்துவிடுவாள். நாடகத்தில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். இப்போது நாடகம் எந்த மண்டபத்தில், எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நாளைக் கட்டுகிறேன். ஏழு மணிக்கு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வசனம் விடாமல் கேட்க வேண்டும். அன்றைக்குச் செய்கிற மற்ற எல்லாம் அதற்காகத்தான்.

நாடகம் எங்கே என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சபாக்களின் வாசலில் அந்த மாத நிகழ்ச்சிப் பட்டியல் தொங்கும். செய்தித்தாளின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியிலும் வரும். மயிலாப்பூர் டைம்ஸ் என்ற பேட்டை வார இதழ் கையில் கிடைத்தால் விடாதீர்கள். கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவன், சுந்தரேஸ்வரர் தெரு ரசிக ரஞ்சனி சபா இந்த இரண்டில் எதிலாவது நாடகம் என்றால் சாயங்காலம் நடந்தே போய்விடலாம். முசிறி சுப்பிரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், டி.டி.கே. சாலையில் நாரத கான சபா என்றால் கடைசியில் ஓர் ஆட்டோ தேவைப்படும். தி.நகர் வாணி மகாலில் நாடகம் என்றால் இந்தத் திட்டம் சரிப்படாது. அன்றைக்குப் பாண்டி பஜார் பக்கமே நடங்கள்.

போகிற அன்று காலை சபாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒருமுறை போன வாரம் பார்த்த விளம்பரத்தை நம்பி அம்மாவை அழைத்துப் போனேன். மண்டபம் இருட்டாக இருந்தது. நாடகத்தை வேறு நாளுக்கு மாற்றிவிட்டார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "சரி, வா" என்றாள். காலையிலிருந்து அந்த நாடகத்துக்காகவே பார்த்துப் பார்த்து நடந்தவள். அன்றைக்கு எனக்கு ஆன வருத்தம் இன்னும் போகவில்லை.

எந்த மாதம் போவது என்பதும் முக்கியம். மார்கழியில் சபா மேடைகள் எல்லாம் கச்சேரிக்குப் போய்விடும், நாடகம் கிடைப்பது அரிது. நாடகக்காரர்களுக்கு ஏப்ரல், மே தான் அறுவடை. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா அப்போதுதான் வரும், புது நாடகங்கள் பலவும் அங்கேதான் முதலில் மேடையேறும். ஆனால் அப்போது வெயில் கொளுத்தும். அந்த மாதங்களில் காலை நடையை ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பங்குனியில் தேரும் அறுபத்து மூவரும் வருகிற நாட்களில் மாட வீதிகளில் நிதானமாக நடக்க இடம் இருக்காது. அதற்கென்று தனியாக ஒரு நாள் போகலாம்.

காலை

நாங்கள் ஏழு மணிக்கு வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, திருமயிலையில் இறங்குவோம். நிலையம் உயரத்தில் இருப்பதால் படிகள் அதிகம். முழங்கால் வலி கூடுதலாக இருக்கும் நாளில் ஆட்டோவில் வந்துவிடுவோம். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துப் பாதையை மாற்றியிருக்கிறார்கள், அதனால் ஆட்டோக்காரரிடம் கோயில் குளத்தின் பக்கம் இறக்கிவிடச் சொல்லுங்கள்.

கபாலீஸ்வரர் கோயிலை முதலில் முடித்துவிட வேண்டும். பக்தி ஒரு காரணம் என்றால், தரை இன்னொரு காரணம். வெளிப் பிராகாரத்துக் கல்லில் எட்டு மணிக்கு வெறுங்காலோடு சுகமாக நடக்கலாம், பதினொரு மணிக்குக் காலை வைக்க முடியாது. உச்சிக்குப் பிறகு நடையும் சாத்திவிடுவார்கள், நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். கிழக்கு ராஜகோபுரம் 1906-இல் கட்டியது, ஏறத்தாழ 120 அடி. காலை வெயில் அதன் மேல் நேராக விழும்போது ஐந்து நிமிடம் எதிரே நின்று பாருங்கள். உள்ளே கபாலீஸ்வரர் மேற்கு பார்த்து இருக்கிறார், அவர் முகத்துக்கு நேரே குளம். புன்னை மரத்தடிச் சந்நிதியில் அம்பாள் மயிலாக இருந்து பூசை செய்யும் சிற்பம் உண்டு. மயிலை என்ற பேருக்கான கதை அதுதான். அம்மா அந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்காருவாள். நான் எழுப்ப மாட்டேன். அவளாக எழுந்தால்தான் அடுத்த இடம்.

அப்புறம் காபி, டிபன். கிழக்கு மாட வீதியிலிருந்து வடக்கே நடந்தால் கச்சேரி சாலை வரும். அதிலிருந்து பிரிகிற அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். இட்லி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னி, டவரா டம்ளரில் காபி. இடம் சின்னது, வெளியே கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். தாமதமாகப் போனால் பொங்கல் தீர்ந்திருக்கும். காத்திருக்கிற இடத்தில் பெரியவர்களைப் பார்த்தால் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள், இதுவரை ஒருமுறை கூட அம்மா நின்றுகொண்டிருந்ததில்லை. வரிசை நீளமாக இருந்தால் கோயில் பக்கமே திரும்பிவிடுங்கள். பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை இருக்கிறது. பேருக்கேற்றபடி வீட்டு ஜன்னல் வழியாகத்தான் தட்டை நீட்டுவார்கள், தெருவில் நின்றபடி சாப்பிட வேண்டும். எனக்கு அந்தக் கடை பிடிக்கும். அம்மாவுக்கு நின்று சாப்பிட முடியாது.

வயிறு நிறைந்ததும் கச்சேரி சாலையிலேயே டப்பா செட்டி கடை. 1885-இலிருந்து இருக்கும் நாட்டு மருந்துக் கடை. சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். அம்மா சித்தரத்தை, கண்டந்திப்பிலி, ஐப்பசி வந்தால் தீபாவளி லேகியத்துக்கான சாமான் என்று வாங்குவாள். நான் வாங்குவது அதிமதுரம் மட்டும். ஒரு சின்னத் துண்டைக் கைப்பையில் போட்டுக்கொள்வேன். நாடகத்தின் நடுவில் அம்மாவுக்குத் தொண்டை கமறினால் வாயில் அடக்கிக்கொள்ள. அமைதியான ஒரு காட்சியில் நடிகர் மெல்லிய குரலில் பேசும்போது அரங்கில் ஒருவர் இருமினாலும் அந்த வரி போய்விடும். நாம் அந்த ஒருவராக இருக்கக் கூடாது.

இந்த இடத்திலிருந்து முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம்தான். கருவறை மேல் இன்னமும் ஓலைக் கூரை. கபாலி கோயிலின் உயரத்தைப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கூரையின் கீழ் நிற்கும்போது மயிலாப்பூர் எவ்வளவு பழைய ஊர் என்று தெரிகிறது. ஞாயிறும் வெள்ளியும் கூட்டம் அதிகம், சனிக்கிழமை பரவாயில்லை.

திரும்பித் தெற்கு மாட வீதிக்கு வாருங்கள். காலை நடையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நடைபாதை ஓரமாகக் காய்கறிக்காரர்கள். வாழைப்பூ, வாழைத்தண்டு, சுண்டைக்காய், நார்த்தங்காய், பருவத்தில் மாகாளிக்கிழங்கு. வேளச்சேரி சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காத பல காய் இங்கே குவிந்து கிடக்கும். அன்றைக்கு வாங்காதீர்கள், நாள் முழுக்கச் சுமக்க முடியாது. வேடிக்கை பாருங்கள், விலை கேளுங்கள், பேசுங்கள். ஒரு பாட்டி எங்களுக்குப் பழக்கமாகிவிட்டாள். "இன்னைக்கு எந்த நாடகம்?" என்று அம்மாவைக் கேட்பாள். அடுத்த மாதம் போகும்போது அந்தக் கதையை அம்மா நின்று சொல்லிவிட்டுத்தான் நகருவாள். நவராத்திரி சமயம் என்றால் வடக்கு மாட வீதிக்குப் போங்கள், இரு புறமும் கொலு பொம்மை பரப்பியிருப்பார்கள். ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது அதே வீதியில் கோலப் போட்டி. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புள்ளி வைப்பதைப் பார்க்கவே ஒரு தடவை வரலாம்.

நடக்கும் வேகத்தைப் பற்றி ஒன்று. கூட்டத்தில் யாருக்கு மெதுவான கால்களோ அவர் முன்னே நடக்கட்டும், மற்றவர்கள் பின்னே. பின்னால் வருபவர் மெதுவாக இருந்தால் அவருக்குத் தான் தாமதப்படுத்துகிறோம் என்ற எண்ணம் வந்துவிடும், பேசாமலே களைத்துப்போவார். அம்மாவை முன்னே விட்ட பிறகுதான் அவள் கடைகளைப் பார்க்க ஆரம்பித்தாள், பழைய கதைகளைச் சொல்ல ஆரம்பித்தாள்.

பத்தரை வாக்கில் காளத்தி கடை ரோஸ்மில்க். அவ்வளவுதான், காலை முடிந்தது.

மதியம்

இந்த நாளை வீணாக்குவது மதியச் சாப்பாடுதான். முதல் வருடம் நான் செய்த தவறு அது. இரண்டு மணிக்கு வாழையிலைச் சாப்பாடு, பாயசம், தயிர்சாதம். ஏழு மணிக்கு இருட்டில் குளுகுளுவென்று உட்கார்ந்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது? இப்போது பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறோம். அதுவும் அளவாக.

ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கும் நியூ உட்லண்ட்ஸுக்கு ஆட்டோவில் போவோம். உடுப்பியிலிருந்து சென்னைக்கு வந்து ஹோட்டல் தொழிலில் பேர் வாங்கிய கிருஷ்ண ராவ் தொடங்கியது. உட்லண்ட்ஸ் என்ற பேரைக் கேட்டாலே அம்மா தலைமுறைக்கு ஒரு மகிழ்ச்சி. நாற்காலிகளுக்கு இடையே இடம் தாராளம், கழிப்பறை வசதி உண்டு, பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இந்த இரண்டும் ருசியை விடவும் முக்கியம். நான் சாப்பாடு வாங்கினால் அம்மா ரவா தோசை வாங்குவாள். என் ரசத்தில் பாதி அவளுக்குப் போகும். மாத்திரை, தண்ணீர், கொஞ்சம் பேச்சு. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

அப்புறம் ஒன்றரை முதல் மூன்றரை வரை வெயிலை எங்கே கழிப்பது? உறவுக்காரர் வீடு பக்கத்தில் இருந்தால் நல்லது. எங்களுக்கு இல்லை. அதனால் சாந்தோம் தேவாலயத்துக்குப் போகிறோம். உயரமான கூரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், நீள பெஞ்சுகள். வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே குளுமை. இப்போதிருக்கும் கட்டடம் 1896-இல் எழுந்தது. அதற்கு முன் இருந்தது போர்ச்சுகீசியர் கட்டியது. இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை கீழே இருக்கிறது, தனியாகப் படி இறங்கிப் பார்க்கலாம். அம்மா படி இறங்க மாட்டாள், மேலே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். பூசை நடக்கும் நேரமாக இருந்தால் பின் வரிசையில் அமைதியாக இருங்கள். போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

காலையில் பார்த்த கபாலீஸ்வரர் கோயிலுக்கும் இந்த இடத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. பழைய கபாலீச்சரம் கடற்கரையை ஒட்டி இந்தப் பக்கம் இருந்தது, போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்து, பிறகு இப்போதைய இடத்தில் எழுந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், ஒரு ஊர் கடலிலிருந்து உள்ளே நகர்ந்து வந்ததை நடந்தே பார்த்த மாதிரி இருக்கும். தேவாலயத்துக்குப் பின்னால் போனால் கடல். கரையோரம் நிற்கும் கம்பத்தைத் தோமையார் நட்டார், அதைத் தாண்டிக் கடல் வராது என்று அந்தப் பக்கத்து மீனவர்கள் நம்புகிறார்கள். வெயில் தாழ்ந்திருந்தால் பத்து நிமிடம் காற்று வாங்குங்கள்.

நாலு மணிக்கு லஸ். லுஸ் என்றால் போர்ச்சுகீசிய மொழியில் வெளிச்சம். அந்தப் பேர் பிரகாச மாதா ஆலயத்திலிருந்து வந்தது. அதன் கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. அப்போது சுற்றிலும் காடு, அதனால் இன்னமும் சிலர் காட்டுக்கோயில் என்றே சொல்கிறார்கள். நேரமும் தெம்பும் இருந்தால் அதையும் பாருங்கள். இல்லாவிட்டால் நேராக நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பேரில் இருக்கும் பூங்கா. சதுரங்கம் ஆடுகிற பெரியவர்கள், இறகுப்பந்து, வட்டமாக நடக்கிறவர்கள், நல்ல நிழல். ஒரு பெஞ்சைப் பிடித்து முக்கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். இந்த நாளில் இதற்கென்றே நேரம் ஒதுக்க வேண்டும், கிடைக்கிற இடைவெளியில் செய்துகொள்ளலாம் என்று விட்டால் நடக்காது. அம்மா இங்கேதான் தான் பார்த்த நாடகங்களைப் பற்றிப் பேசுவாள். கல்யாணமான புதிதில் அப்பாவோடு போய்ப் பார்த்த ஆர்.எஸ்.மனோகர் நாடகங்கள். புராணக் கதை, கண்ணைப் பறிக்கும் அரங்கம், திடீரென்று தோன்றி மறைகிற தந்திரக் காட்சிகள். திரை விலகும்போது கூட்டம் முழுக்க 'ஆ' என்று மூச்சு விட்டதை அவள் சொல்லும்போது கையும் விலகும்.

ஐந்தரைக்கு லேசாகச் சிற்றுண்டி. கிழக்கு மாட வீதி கற்பகாம்பாள் மெஸ்ஸில் கீரை வடை அல்லது அடை அவியல், இருவருக்கு ஒரு தட்டு, ஆளுக்கொரு காபி. பிச்சுப்பிள்ளை தெரு மாமி கடையில் போண்டாவும் நன்றாக இருக்கும். நாடகம் முடிந்து வரும்போது ஒன்பது ஒன்பதரை ஆகிவிடும், அதனால் இதுதான் கிட்டத்தட்ட இரவுச் சாப்பாடு. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், கடைசிக் காட்சியில் மனம் இட்லிக்குப் போய்விடும்.

மாலை

ஆறரைக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். முன்வரிசைகள் பெரும்பாலும் சபா உறுப்பினர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் ஒதுக்கியிருக்கும். அதன் பின்னால் முதலில் வருகிறவருக்கே இடம். நான் ஐந்தாவது வரிசைக்கும் எட்டாவதுக்கும் இடையே, நடைபாதை ஓர இருக்கையாகப் பார்ப்பேன். ஓரம் அம்மாவின் காலை நீட்டிக்கொள்ள. ஐந்திலிருந்து எட்டு, நடிகர்களின் முகம் தெரிய. பல சபாக்களில் மைக் மேலிருந்து தொங்கும், இல்லையென்றால் மேடை விளிம்பில் இருக்கும். ரொம்பப் பின்னால் உட்கார்ந்தால் வசனம் கேட்கும், முகம் தெரியாது. ரொம்ப முன்னால் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும், மேடையின் முழு அமைப்பும் கண்ணில் படாது. ஏ.சி. குளிருக்கு ஒரு சால்வை. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள். இருட்டில் படி தெரியாது, விழுந்துவிடுவார்கள்.

சபா எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் நாடகத்தைப் பார்க்கும் கண்ணே மாறும். உறுப்பினர்கள் வருடச் சந்தா கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் சபா ஒவ்வொரு மாதமும் ஒரு குழுவுக்கு ஒரு தொகை கொடுத்து நாடகம் போடச் சொல்கிறது. அதனால் ஒரே நாடகம் சபா சபாவாகச் சுற்றும், இந்த வாரம் விட்டால் வேறொரு சபாவில் பிடிக்கலாம். நடிப்பவர்களில் பெரும்பாலானோர் வேறு வேலை பார்க்கிறவர்கள். வங்கி, எல்.ஐ.சி., பள்ளிக்கூடம், கம்ப்யூட்டர் கம்பெனி. வேலை முடிந்து யார் வீட்டு ஹாலிலாவது ஒத்திகை. இது நேற்று வந்த பழக்கம் இல்லை. கே.பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் என்ற அரசுக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். ஒய்.ஜி.பார்த்தசாரதி 1952-இல் தொடங்கிய குழுவின் பேரிலேயே 'அமெச்சூர்', அதாவது பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காகச் செய்கிறவர், என்று இருக்கிறது. கிரேசி மோகன் பொறியாளர். இன்னும் பின்னால் போனால், 1891-இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், பிறகு நீதிபதி. விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தவர், படித்தவர்கள் வேஷம் கட்டுவது கேவலம் என்ற எண்ணத்தை உடைத்தவர். இன்றைக்கு நாம் ஏழு மணிக்கு உட்கார்ந்து ஒன்பது மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போக முடிகிறதென்றால் அந்தப் பாதை அவர் போட்டது.

மணி அடிக்கும். போனை அணைத்துவிடுங்கள், அதிர்வில் வைப்பது போதாது. திரை விலகினால் பெரும்பாலும் ஒரு வீட்டு ஹால்தான். சோபா, சமையலறைக்குப் போகும் ஒரு கதவு, வாசலுக்கு ஒரு கதவு, சுவரில் ஒரு படம். காட்சி முடிந்ததும் விளக்கணையும், இசை வரும், இருட்டில் ஆட்கள் ஓடி ஓடி சோபாவை நகர்த்துவார்கள். அரை நிமிடத்தில் அதே மேடை ஆஸ்பத்திரியாகவோ கோயில் மண்டபமாகவோ ஆகியிருக்கும். சினிமா பார்த்துப் பழகியவர்கள் அந்த இருட்டில் போனை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். அந்த வெளிச்சம் மேடை வரை தெரியும். அந்த அரை நிமிடத்தில் இப்போது பார்த்த காட்சி மனசில் இறங்கும், அதை விட்டுவிடக் கூடாது.

சிரிப்பு வந்தால் வாய்விட்டுச் சிரியுங்கள். நல்ல நடிகர் சிரிப்பு அடங்கும் வரை நின்று, அது முழுவதும் அடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் அடுத்த வரியை எடுப்பார். எப்போது எடுக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். அது ஒத்திகையில் வராது, பார்ப்பவர்களோடு சேர்ந்துதான் வரும். அதனால்தான் ஒரு புது நாடகத்தை முதல் நாளே பார்க்க நான் அவசரப்படுவதில்லை. ஐந்தாவது ஆறாவது தடவை மேடையேறும்போது வரிகள் இயல்பாகியிருக்கும், எங்கே நிறுத்துவது என்று எல்லோருக்கும் பிடிபட்டிருக்கும். முதல் நாளின் படபடப்பைப் பார்க்கவே போகிறவர்களும் உண்டு, அது அவரவர் ருசி.

முதல்முறை போகிறவர்களுக்குக் குடும்பக் கதையோ நகைச்சுவையோ நல்லது. அம்மாவுக்குப் புராண, சரித்திர நாடகம் என்றால் உயிர். நவீன நாடகம் பார்க்க ஆசை என்றால் அதற்கு இன்னொரு நாள் வேண்டும். ந.முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் வழியில் வந்தவர்கள் போடுவது வேறு மாதிரி, பார்க்கும் முறையும் வேறு. எழும்பூர் மியூசியம் தியேட்டரில் நாடகம் கிடைத்தால் அந்தக் கட்டடத்துக்காகவே போகலாம், 1896-இல் கட்டியது.

நாடகம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். இதை எல்லோரிடமும் சொல்கிறேன். கடைசித் திரைக்குப் பிறகு குழுவின் தலைவர் மைக்கை வாங்கி, நடித்தவர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைப்பார். அப்புறம் ஒளி, ஒலி, அரங்க அமைப்பு, ஒப்பனை. பாதிப் பேர் அதற்குள் பஸ்ஸுக்கும் காருக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். நாள் முழுக்க ஆபீசில் இருந்துவிட்டு வந்து வேஷம் கட்டிய ஒருவர் கைகூப்பி நிற்கும்போது எதிரே காலி நாற்காலிகள் இருக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாமதித்தால் வாசலில் ஆட்டோ நெரிசலும் குறைந்திருக்கும்.

சபா மேடைக்குப் பக்கவாட்டில் படி இருக்கும். பிடித்திருந்தால் ஏறிப் போய்ச் சொல்லுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். போன மாதம் ஒரு குடும்ப நாடகம். பாட்டி வேஷத்தில் நடித்த அம்மாளுக்கு மொத்தமே பத்து நிமிடம்தான் மேடையில். மருமகள் சண்டை போட்டுவிட்டு உள்ளே போன பிறகு, தனியாக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே நாலு வரி பேசுவார். முடிந்ததும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளை ஏறினாள். சாந்தோமில் படி இறங்க முடியாது என்றவள். அந்த அம்மாளின் கையைப் பிடித்து, "நீங்க நறுக்கினது நிஜக் கத்திரிக்காய்தானே? சத்தம் கேட்டுது" என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாம் அக்கா, ஒவ்வொரு நாடகத்துக்கும் வீட்டிலேருந்து எடுத்துண்டு வருவேன். அட்டையில பண்ணித் தரேன்னாங்க, நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்றார். இரண்டு பேரும் மேடையிலேயே அந்தச் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்கள். எந்தக் கத்திரிக்காய் நறுக்கும்போது நல்ல சத்தம் கொடுக்கும் என்று பேச்சு போயிற்று. தெற்கு மாட வீதியில் பிஞ்சாகக் கிடைக்கும் என்று அம்மா சொன்னாள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்த பையன், அவர்கள் மேல் இருந்த ஒன்றை மட்டும் கடைசி வரை விட்டுவைத்தான்.